முதல் வகுப்பு வீடு

ஏழாவது படியில் மாரிச்செல்வத்தின் வலது கால் முழங்கால் வரை உள்ளே இறங்கியது. கையிலிருந்த கோடி வேட்டி கீழே விழுந்தது, கூடவே ஒரு பிடி மரத்தூளும். படிக்கட்டின் அடியில் நின்றிருந்த ஆண்கள் நாலு பேரும் அப்படியே பின்வாங்கினார்கள். மேலே கூடத்து வாசலில் நின்ற கமலாக்ஷி மட்டும் அசையவில்லை. அந்தப் படி ஒருநாள் போகும் என்று அவள் பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

"கால் கிழிஞ்சிருக்கா?"

"இல்லம்மா. தோல் உரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"செரி. செவரோட ஒட்டி ஏறி வா. நடுவுல மிதிக்காதே."

மகன் சுவரைத் தடவிக்கொண்டு ஏறி வந்தான். முப்பத்தெட்டு வயது, களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். திருப்பூணித்துறையிலிருந்து மனைவி ஸுப்ரியாவைக் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கே வந்துவிட்டான். வந்ததிலிருந்து அழுதுகொண்டும் ஃபோன் பேசிக்கொண்டும் இருக்கிறான். கமலாக்ஷிக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

கூடத்தில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில், கட்டிலில் வைத்தீஸ்வரன் படுத்திருந்தார். விடிகாலை ஐந்து மணிக்கு, "கமலு, ஒரு டம்ளர் வெந்நீர் தர்றியா?" என்று கேட்டார். சமையலறை கீழே இருக்கிறது. அவள் இருட்டில் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, தண்ணீர் சுட வைத்து, டம்ளரை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். நல்ல படிக்கட்டாக இருந்தால் ரெண்டு நிமிஷ வேலை. அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. இதை அவள் மகனிடம் சொல்லவில்லை. டம்ளர் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது.

போன வருஷம் ஆனி மழையில் இதே படிக்கட்டில்தான் அவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், காயலில் வேலியேற்றம் வந்து நீர் உயர்ந்தால் கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய இடம் அது. கக்கூசும் மாடியில்தான். அதனால் பண்டகசாலையில் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் நாலு பேர் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்து மேலே விட்டார்கள். அப்புறம் அவர் இறங்கவே இல்லை. இன்றைக்கு அந்தப் படிக்கட்டு நாலு ஆளைத் தாங்காது. அவரும் நாற்காலியில் உட்கார மாட்டார்.

"ரெண்டு பேரா தோள்ல போட்டு எறக்கிடலாம்," என்று கீழேயிருந்து யாரோ சொன்னார்கள்.

"அவர் மூட்டையில்லை," என்றாள் கமலாக்ஷி. "எறக்கறதானா படுத்த வாக்குல எறக்கணும். இல்லாட்டி இங்கயே கெடக்கட்டும்."

கீழே நின்றவர்களில் அலாவுதீன் மட்டும் மெல்ல மேலே ஏறி வந்தார். பஜாரில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர், முப்பது வருஷமாக எதிர்வீடு. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வெளியே தலையைத் தூக்கிக் கூரைக்கு அடியில் பார்த்தார். அங்கே நீட்டிக்கொண்டிருந்த உத்திரத்தில், மூட்டை ஏற்றிய காலத்து இரும்புக் கொக்கி இன்னும் இருந்தது.

"அக்கா, எனக்கு ஒரு வழிதான் தோணுது. ஜன்னல்ல அஞ்சு மரக் கம்பி இருக்கு. நடுவுல மூணை எடுத்தா ஆள் போற எடம் கெடைக்கும். கொக்கியில கப்பி மாட்டி, பாடையோட மெல்ல எறக்கிடலாம். பண்டகசாலைப் பசங்களுக்குத் தெனம் பண்ற வேலைதான். பூ மாதிரி எறக்குவாங்க."

"எடுத்துடுங்க," என்றாள் அவள்.

"அம்மா," என்றான் மாரிச்செல்வம். "ஜன்னலை எழுதிக் கேக்காம தொட முடியாது."

கமலாக்ஷி மகனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படியே அப்பா இருந்தார்.

அப்பா லேசுப்பட்டவரா? ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த மிளகுச் சந்து முனையில் ஏழு மாடியில் கட்டடம் வரப்போகிறது, பழைய பண்டகசாலைகளை எல்லாம் விலை பேசுகிறார்கள் என்று தெரிந்ததும், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர், குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் தமிழிலும் மனு எழுதினார். ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் நின்று செருப்புத் தேய்த்தார். தெரு, பழைய வீடுகளை இடிக்கக் கூடாத பாதுகாப்புப் பகுதி ஆயிற்று. கட்டடக்காரன் போய்விட்டான். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் பாயசம் வைத்தார்கள், கமலாக்ஷியும்தான் வைத்தாள். அதில் அவளுக்கு இன்றைக்கும் குறை இல்லை.

அதற்கப்புறம் வீடுகளுக்கு வகுப்புப் பிரித்தார்கள். இரண்டாம் வகுப்பு என்றால் தெருவைப் பார்த்த முகப்பை மட்டும் மாற்றக் கூடாது. முதல் வகுப்பு என்றால் உள்ளே ஒரு ஆணி அடிக்கவும் எழுத்தில் அனுமதி வேண்டும். இவர்கள் வீட்டை இரண்டாம் வகுப்பில்தான் போட்டிருந்தார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். வைத்தீஸ்வரனுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. பாட்டனார் காலத்துப் பத்திரத்தைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போய் வாதாடி, முதல் வகுப்பு வாங்கி வந்தார். வாசலில் பித்தளைப் பலகை. அதைத் தினமும் புளி போட்டுத் தேய்த்தது கமலாக்ஷி.

பக்கத்து வீடு இரண்டாம் வகுப்பு. அதை ஒரு ஹோட்டல்காரன் வாங்கி, முன் சுவரை மட்டும் நிற்க வைத்துவிட்டு மற்றதை எல்லாம் இடித்தான். இப்போது அதற்குள்ளே நீச்சல்குளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. எல்லாம் முறைப்படி. முதல் வகுப்பு வீட்டில் ஏறி இறங்கப் படிக்கட்டு இல்லை.

படிக்கட்டை மாற்ற அவர் மனுப் போடாமல் இல்லை. அதே மரம், அதே வேலைப்பாடு, அதற்கென்று பதிவான ஆள் போட்ட வரைபடம் என்று பதில் வந்தது. வரைபடம் கொடுத்தார். கோப்பு மாதக்கணக்கில் எங்கேயோ தூங்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே தெருப் பாதுகாப்புக் குழுவின் துணைத்தலைவரே இவர்தான். ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "குழுவுல இருந்துட்டு நானே என் ஃபைலைத் தள்ளுன்னு கேக்கறதா? நாளைக்கு ஹோட்டல்காரனை எந்த மூஞ்சியோட தடுப்பேன்?" என்றார். படுத்த படுக்கையில், கக்கூசுக்கு அவள் தோளைப் பிடித்துப் போகிற நிலைமையில், இந்த வீறாப்பு.

மாரிச்செல்வம் குழுச் செயலாளர் கேசவுக்கு ஃபோன் போட்டான். கேசவ் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன், கட்டட வரைபடம் போடுகிறவன். வைத்தீஸ்வரனிடம் உண்மையாகவே பிரியம் உள்ளவன். ஸ்பீக்கரில் அவன் குரல் உடைந்து வந்தது.

"ஆன்ட்டி, என்ன சொல்றதுன்னே தெரியல. அங்கிள் இல்லாம நம்ம தெருவே இல்ல."

"தெரு இருக்குப்பா. அவரைத் தெருவுக்கு எறக்கணும். அதுக்குத்தான் கேக்கறான்."

மாரிச்செல்வம் கம்பி எடுக்கிற விஷயத்தைச் சொன்னான்.

"ஆன்ட்டி, ஜன்னலை மட்டும் இப்ப தொட வேண்டாம், ப்ளீஸ். முதல் வகுப்பு முகப்பு. நாளைக்கு ஹோட்டல்காரன் இதையே காட்டிக் கேப்பான். நான் ஆபீஸ்ல பேசறேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஒரு ஃபோட்டோ எடுத்தா மதி, அது போதும். அரை மணிக்கூர்."

அப்போது மணி ஒன்பதரை. சுடுகாட்டில் மூன்று மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். அது தவறினால் மறுநாள் காலைதான் என்று சொல்லியிருந்தார்கள். சித்திரை மாசத்துப் புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று மிரட்டிக்கொண்டு வராமல் இருந்தது. ஐஸ் கட்டி வாங்கி வந்து சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். அது உருகிப் பலகை இடுக்கு வழியாகக் கீழே சொட்டியது.

அவர்கள் காத்திருந்தார்கள். வேறு எந்த வீட்டில் இப்படி நடக்கும்? வேறு எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் பத்து நிமிஷத்தில் கம்பியைப் பிடுங்கிப் போட்டிருப்பான், அபராதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. இந்த வீட்டில் செத்தவரும் அனுமதிக்குக் காத்திருந்தார்.

பதினோரு மணிக்குக் குழுவின் மலர்வளையம் வந்தது. 'தெருவைக் காத்தவருக்கு' என்று ரிப்பனில் எழுதியிருந்தது. அதை மேலே கொண்டு வர முடியாமல் வாசலில் பித்தளைப் பலகைக்கு அடியில் சாய்த்து வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஹோட்டல் மேனேஜர் ஃபிளாஸ்கில் பால் விடாத கட்டன் சாயா கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷர் என்று நினைப்பதற்குள், கொண்டு வந்தவன் தயங்கித் தயங்கி, விருந்தாளிகள் வருகிற நேரம், ஆட்கள் கொஞ்சம் தள்ளி நின்றால் உபகாரம் என்றான். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் எதிர்ப்புறம் நின்று வீட்டை ஃபோட்டோ எடுத்தார்கள். ஓட்டுக்கூரை, தேக்கு ஜன்னல், கீழே வெள்ளை வேட்டிக் கூட்டம். எடுத்த படத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். கமலாக்ஷிக்கு அந்த ஃபிளாஸ்கைத் தூக்கி அவர்கள் மேல் எறியலாம் போலிருந்தது.

ஒரு மணிக்கு கேசவ் மறுபடி கூப்பிட்டான். இன்ஸ்பெக்டர் வேறு இடத்தில் ஆய்வுக்குப் போயிருக்கிறார், ஊணு முடிந்ததும் நேரே வந்துவிடுவார் என்றான்.

"ஊணா?" என்றாள் கமலாக்ஷி. "செரி, பொறுமையா உண்டுட்டு வரட்டும். இங்க யாரும் எந்திரிச்சு ஓடப் போறதில்லை."

அவள் ஜன்னலண்டை போய் உட்கார்ந்தாள். கையெட்டும் தூரத்தில் அவர் முகம். தாடையைக் கட்டிய துணியில் வேர்வை மாதிரி ஈரம். ஜன்னலின் ஐந்து கம்பிகளும் கடைசல் வேலை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தாமரை மொட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாற்பத்தொரு வருஷம் இந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தெருவைப் பார்த்திருக்கிறாள்.

ஹோட்டல்காரன் பக்கத்து வீட்டை வாங்கிய புதிதில், ஒருநாள் காலையில் அந்த வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பிடுங்கித் தெருவில் போட்டிருந்தான், கண்ணாடி வைப்பதற்காக. அன்றைக்கு இவர் குழுவுக்காக நிபந்தனைகள் எழுதிக்கொண்டிருந்தார். ஏழு எழுதி முடித்திருந்தார். தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கரண்டியும் கையுமாக வந்து நின்று, "ஜன்னல் கம்பியை எவனும் எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாதுன்னு எழுதுங்க," என்றாள். "எந்தக் காரணத்துக்குமா?" என்று கேட்டார் அவர். "ஆமா. ஒரு காரணம்னு விட்டா நூறு காரணம் சொல்லுவான்." அவர் சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினார். எட்டாவது நிபந்தனை. அச்சடித்து வந்ததும் அந்த வரியில் விரல் வைத்துக் காட்டி, "இது உன்னுது," என்றார்.

இது மாரிச்செல்வத்துக்குத் தெரியாது. கேசவுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஐஸ் கட்டிக்கு மேல் படுத்திருந்தார். யார் மேல் கோபப்பட்டாலும் கடைசியில் சுற்றிக்கொண்டு வந்து அது அவள் மடியிலேயே விழுந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்று அடுத்தவரைச் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

ஒன்றே முக்காலுக்கு அவள் எழுந்தாள். சுவரோடு ஒட்டி, ஏழாவது படியைத் தாண்டிக் காலை வைத்துக் கீழே இறங்கினாள். சமையலறை மூலையில் தேங்காய் வெட்டுகிற வெட்டுக்கத்தி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

"அம்மா, என்ன இது?"

"தள்ளு."

"இப்ப வந்துடுவாங்கம்மா. நம்ம தெரு தையற்கடைக்காரர் வாசல்ல தகரக் கூரை ஒண்ணு இறக்கினதுக்கு இன்னும் கேஸுக்கு அலையறாரு." மாரிச்செல்வம் குறுக்கே நின்றான். "அப்பா எழுதின ரூலும்மா. அப்பா போற அன்னிக்கே நாம அதை மீறினா ஜனங்க என்ன சொல்லும்?"

"ஜனங்க ஜன்னல் வழியாப் போப்போறதில்லைடா. உங்கப்பா போகணும்." அவள் குரல் உயரவில்லை. "அப்பா எழுதின ரூல்னு உனக்கு யார் சொன்னது? தள்ளிக்கோ."

அவன் தள்ளிக்கொண்டான். அவள் டம்ளரை விளிம்பிலிருந்து எடுத்து ஓரமாகத் தரையில் வைத்தாள். பிறகு கத்தியை ஓங்கினாள்.

தேக்கு லேசில் விடவில்லை. முதல் கம்பியில் வெட்டு விழுந்து விழுந்து கை மரத்தது. சிம்பு தெறித்துப் புறங்கையில் ரத்தம் வந்தது. அலாவுதீன், "அக்கா, என்கிட்ட குடுங்க," என்று கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. இரண்டாவது கம்பியும் அதே பாடு படுத்தியது. மூன்றாவதை ஒரே போடு போட்டாள், அப்பளம் மாதிரி முறிந்து கையோடு வந்தது. உள்ளே முழுக்கச் செல்லரித்திருந்தது. மேலே மட்டும், அவள் எண்ணெய் போட்டுத் துடைத்த பளபளப்பு. அவள் அந்தப் பொக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூன்றையும் சுவரோரம் சாத்தினாள்.

"இனி கயித்தைக் கட்டுங்க," என்றாள்.

அதற்கப்புறம் வேலை தெரிந்தவர்கள் கையில் எல்லாம் மளமளவென்று நடந்தது. கப்பி மாட்டினார்கள். மூங்கில் பாடையை மேலே இழுத்து, அவரை வைத்து, புதுத் தார்ப்பாயைச் சுற்றி நாலு இடத்தில் கட்டினார்கள். முடிச்சுகளை அலாவுதீன் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கால் முதலில் போகும்படி ஜன்னலுக்கு வெளியே நகர்த்தினார்கள். பாடை ஒரு கணம் தெருவுக்கு மேலே அந்தரத்தில் ஆடி நின்றது. கயிற்றைப் பிடித்த சுமட்டுக்காரர்கள் மூட்டை இறக்கும்போது வழக்கமாகச் சொல்கிற சத்தத்தை, இன்றைக்கு வாய்க்குள்ளேயே சொன்னார்கள். "ஆரியா... ஆரியா... மெல்ல..." துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் வைத்தீஸ்வரன் நாள் முழுக்கக் கேட்ட சத்தம். ஒரு இடத்திலும் இடிக்காமல் அவர் தெருவில் இறங்கினார்.

கமலாக்ஷி கீழே வந்து வாய்க்கரிசி போட்டாள். பித்தளைப் பலகைக்கு முன்னால்தான் பாடையை வைத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மாரிச்செல்வம் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். சந்து முனையில் திரும்பும்போது ஒரு தடவை ஜன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே கேசவும் வந்தான். அழுது அழுது கண் சிவந்திருந்தது அவனுக்கு. பின்பக்க முற்றத்தில், சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் குளிக்க ஸுப்ரியா கல்லடுப்பு மூட்டிப் பெரிய பானையில் தண்ணீர் வைத்திருந்தாள். கமலாக்ஷி குளித்துவிட்டு ஈரத்தலையோடு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மழை இரண்டு சொட்டு விழுந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். பாவம், அவரும் ஒரு சம்பளக்காரர். அவர் கேசவிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். கேசவ் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"அனுமதி வாங்கிட்டேன் ஆன்ட்டி. மூணு கம்பி தற்காலிகமா எடுக்கலாம்னு. அதனால கேஸ் ஒண்ணும் வராது. ஏழு நாளைக்குள்ள அதே கம்பியை அதே எடத்துல மாட்டிடணும். அவ்வளவுதான்."

அவள் காகிதத்தை வாங்கவில்லை. ஸுப்ரியா வந்து வாங்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அந்தக் கம்பிங்க எங்க இருக்கு? சார் நம்பர் போட்டு ஃபோட்டோ எடுக்கணுங்கறாரு."

கமலாக்ஷி அடுப்பைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து ஒரு கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இன்னும் தீப்பிடிக்காத ஒரு தாமரை மொட்டு. கேசவ் அதைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். வாசல் பக்கம் ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது.

அவள் அதைக் கையால் உள்ளே தள்ளினாள். பானையில் தண்ணீர் ஆவி விடத் தொடங்கியிருந்தது. எழுந்து, திண்டில் கழுவிக் கவிழ்த்திருந்த அந்த விடிகாலை டம்ளரை எடுத்து, முதலில் அதில் மொண்டு, குடிக்கிற சூட்டுக்கு ஆறட்டும் என்று பக்கத்தில் வைத்தாள்.